தீப்பாறையும் படிவுப் பாறையும்: பிறப்பும் வேறு, பெயரிடும் முறையும் வேறு

கேள்வி இதுதான்: தீப்பாறைகளும் படிவுப் பாறைகளும் எப்படித் தோன்றுகின்றன? தீப்பாறைகளைப் படிக அளவையும் வேதிக் கலவையையும் வைத்துப் பிரிக்கிறார்கள். படிவுப் பாறைகளை மட்டும் ஏன் துகள்படிவு, வேதிப்படிவு, உயிரினப்படிவு என்று வேறு மாதிரி பிரிக்கிறார்கள்? இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் போதாதா?

போதாது. காரணம் எளிமையானது. தீப்பாறையில் உள்ள படிகங்கள் அந்தப் பாறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை. படிவுப் பாறையில் உள்ள துகள்கள் பெரும்பாலும் வேறெங்கோ பிறந்து, உடைந்து, அடித்து வரப்பட்டு, ஓரிடத்தில் வந்து சேர்ந்தவை. முதல் வகைப் பாறையைப் பார்த்தால் "எந்தக் குழம்பிலிருந்து, எவ்வளவு வேகமாக உறைந்தாய்?" என்று கேட்க வேண்டும். இரண்டாவதிடம் கேட்க வேண்டியது "எங்கிருந்து வந்தாய், உன்னைக் கொண்டு வந்தது எது, எங்கே இறக்கிவிட்டது?" என்பது. கேள்விகள் வேறு என்பதால் வகைப்பாடும் வேறாகிறது. பாடநூல் அட்டவணைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தானாக நினைவில் நிற்கும்.

முதலில் தீப்பாறை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே பாறைக்குழம்பு கடல்போலத் தேங்கிக் கொதிக்கிறது, விரிசல் கிடைத்த இடத்தில் எரிமலையாக வெளியே வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் கிட்டத்தட்ட முழுக்கத் திடப் பாறைதான். நிலநடுக்கத்தின்போது எழும் எஸ் அலைகள் திரவத்துக்குள் செல்ல முடியாதவை. அவை கவசத்தின் ஊடாகத் தாராளமாகச் செல்கின்றன. அங்கே வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், மேலே உள்ள பாறைகளின் அழுத்தம் அதை உருகவிடுவதில்லை. ஆகவே உண்மையான கேள்வி, ஏற்கெனவே சூடாக இருக்கும் திடப் பாறை சில இடங்களில் மட்டும் ஏன் உருகுகிறது என்பதுதான்.

மூன்று வழிகளில் உருகுகிறது. முதல் வழி அழுத்தம் குறைவது. பெருங்கடல்களின் நடுவே தட்டுகள் விலகும் இடங்களில் கவசப் பாறை மெல்ல மேலேறுகிறது. மேலேற மேலேற அழுத்தம் குறைய, புதிதாக வெப்பம் எதுவும் சேராமலேயே அதன் ஒரு பகுதி உருகிவிடுகிறது. உலகின் கடலடி மேலோடு முழுவதும், சராசரியாக 7 கிலோமீட்டர் தடிமனுக்கு, இப்படித்தான் உருவானது. இரண்டாவது வழி நீர். ஒரு தட்டு இன்னொன்றின் கீழே அமிழும்போது, கடலடிப் பாறைகளின் கனிமங்களில் சிறைப்பட்டிருந்த நீர் ஆழத்தில் வெளியேறி மேலே உள்ள கவசத்துக்குள் கசிகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். ஆண்டிஸ் மலைத்தொடரின் எரிமலைகளும் ஜப்பானின் எரிமலைகளும் இதனால் வந்தவை. மூன்றாவது வழி நேரடியான சூடு. கீழிருந்து வந்த வெப்பமான குழம்பு மேலோட்டின் அடியில் தங்கி, அங்குள்ள பாறையை உருக்கிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, பாறை பெரும்பாலும் மொத்தமாக உருகுவதில்லை. அதன் கனிமங்கள் வெவ்வேறு வெப்பத்தில் உருகுபவை. எளிதில் உருகும் பகுதி முதலில் குழம்பாகிப் பிரிந்துவிடும். அதனால் உருவாகும் குழம்பில் மூலப் பாறையைவிட சிலிகா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) அதிகம் இருக்கும். கவசத்தின் முக்கியப் பாறையான பெரிடோடைட் பாதியளவுகூட உருகாமல், பசால்ட் என்ற கருநிறப் பாறையாக உறையும் குழம்பைத் தருகிறது. தீப்பாறைகளில் இத்தனை வகை வருவதற்கு முதல் காரணமே இந்த அரைகுறை உருகல்தான்.

குழம்பு உருவான பிறகு அது எங்கே உறைகிறது என்பது அடுத்த கட்டம். நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் தங்கிவிட்டால் சுற்றியுள்ள பாறை வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. பெரிய குழம்புத் திரள் உறைய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். படிகங்கள் வளர நேரம் தாராளமாகக் கிடைப்பதால் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிதாகின்றன. இப்படி உள்ளே உறைந்தவை ஆழ்நிலைப் பாறைகள். வெளியே லாவாவாக ஓடினால் சில நாட்களிலோ சில ஆண்டுகளிலோ இறுகிவிடும். படிகங்கள் நுண்ணியவையாக, வெறும் கண்ணுக்குத் தெரியாதவையாக இருக்கும். மிக வேகமாகக் குளிர்ந்தால் படிகம் உருவாகவே நேரம் இருக்காது. ஆப்சிடியன் என்ற கருங்கண்ணாடி கிடைக்கும். கடலுக்கடியில் பீறிடும் லாவா தலையணை வடிவில் உருண்டு உறையும்போது இதை ஒரே கல்லில் பார்க்கலாம்: நீரைத் தொட்ட வெளித்தோல் கண்ணாடியாகவும், உள்ளே போகப்போக நுண்படிகமாகவும் இருக்கும்.

சில பாறைகளில் நுண்ணிய பரப்பின் நடுவே பெரிய படிகங்கள் திட்டுத்திட்டாக நிற்கும். குழம்பு முதலில் ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்து சில படிகங்களை வளர்த்தது, அப்புறம் திடீரென்று மேலேறி மிச்சம் வேகமாக உறைந்தது என்று பொருள். ஒரே கல்லில் இரண்டு கட்ட வரலாறு இருக்கிறது.

ஒரு கிரானைட் துண்டின் புதிதாக உடைந்த முகத்தை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ தட்டையான முகங்களோடு, சாய்த்தால் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னுவது ஃபெல்ஸ்பார். கருப்பாக, நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரிவது பயோடைட் மைக்கா. சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடி மாதிரி, தனக்கென்று எந்த வடிவமும் இல்லாமல் இருப்பது குவார்ட்ஸ். அதற்கு ஏன் வடிவமில்லை? கடைசியாக உறைந்தது அதுதான். மற்றவை எடுத்துக்கொண்டது போக மீந்த இடுக்குகளில் நிரம்பியிருக்கிறது. ஒரு படிகத்தின் விளிம்பு இன்னொன்றின் விளிம்போடு இடைவெளியே இல்லாமல் கோத்துக்கொண்டிருக்கிறது. தீப்பாறையின் அடையாளங்களில் இந்தக் கோர்ப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். நிறமோ எடையோ அப்புறம்தான்.

வகைப்பாட்டில் ஒரு பக்கம் இந்தப் படிக அளவு, அதாவது குளிர்ந்த வேகம். மறுபக்கம் வேதிக் கலவை. அதில் முக்கியமானது எடையில் எத்தனை சதவீதம் சிலிகா என்பது. 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மீக்காரப் பாறை, 45 முதல் 52 வரை காரப் பாறை, 52 முதல் 63 வரை இடைநிலைப் பாறை, அதற்கு மேல் அமிலப் பாறை. காரம், அமிலம் என்ற பெயர்கள் பழைய வேதியியல் எண்ணத்திலிருந்து ஒட்டிக்கொண்டவை. பாறை புளிக்கும் என்றோ எரிக்கும் என்றோ அர்த்தமில்லை. இப்போது இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்துங்கள். காரக் குழம்பு வெளியே உறைந்தால் பசால்ட், ஆழத்தில் உறைந்தால் காப்ரோ. இடைநிலைக் குழம்பு வெளியே ஆண்டிசைட், உள்ளே டயோரைட். அமிலக் குழம்பு வெளியே ரையோலைட், உள்ளே கிரானைட். கிரானைட்டும் ரையோலைட்டும் கலவையில் ஒன்றே. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது உறைந்த இடமும் அதனால் வந்த படிக அளவும் மட்டுமே.

ஆராய்ச்சியாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் போவார்கள். பெரிய படிகங்கள் கொண்ட பாறையில் குவார்ட்ஸ், காரஃபெல்ஸ்பார் (பொட்டாசியம், சோடியம் கொண்ட ஃபெல்ஸ்பார்), பிளேஜியோகிளேஸ் (சோடியம், கால்சியம் கொண்ட ஃபெல்ஸ்பார்) மூன்றும் என்ன விகிதத்தில் உள்ளன என்று எண்ணி ஒரு முக்கோணப் படத்தில் குறிப்பார்கள். இம்மூன்றின் கூட்டில் குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதம் இருந்தால்தான் கிரானைட் குடும்பத்துக்குள் சேர்ப்பார்கள். நுண்படிக லாவாவில் கனிமங்களை எண்ண முடியாது என்பதால், சிலிகா ஒரு அச்சிலும் சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை இன்னொரு அச்சிலும் வைத்து, வேதிப் பகுப்பாய்வின்படி பெயரிடுவார்கள்.

சிலிகா அளவுக்கு இத்தனை முக்கியத்துவம் தரக் காரணம் உண்டு. குழம்பின் நடத்தையையே அது தீர்மானிக்கிறது. சிலிகா அணுக்கூட்டங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைவதால், சிலிகா அதிகமானால் குழம்பு பிசுபிசுப்பாகும். ஹவாயின் பசால்ட் லாவா சுமார் 1,170 டிகிரியில் ஆறுபோல ஓடும். ரையோலைட் குழம்பு அதைவிடப் பல நூறு டிகிரி குறைந்த வெப்பத்தில், நகரவே மனமில்லாமல் இருக்கும். உள்ளே அடைபட்ட வாயு வெளியேற முடியாமல் வெடித்துச் சிதறும். நுரைக்கல் அந்த வாயுக் குமிழிகளோடு சேர்ந்தே உறைந்ததுதான்.

அமெரிக்காவில் நார்மன் போவன் ஆய்வுக்கூட உலைகளில் செயற்கைக் குழம்புகளை உருக்கியும் குளிர்வித்தும், கனிமங்கள் எந்த வரிசையில் படிகமாகின்றன என்று கண்டுபிடித்தார். 1928-ல் வந்த அவருடைய நூலில் அது முழு வடிவம் பெற்றது. முதலில் ஒலிவின், அப்புறம் பைராக்சீன், ஆம்ஃபிபோல், பயோடைட். இணையாக பிளேஜியோகிளேஸ் கால்சியம் மிகுந்ததிலிருந்து சோடியம் மிகுந்ததாக மாறிக்கொண்டே வரும். கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், வெண்மைக்கா, குவார்ட்ஸ். முதலில் உருவான படிகங்கள் குழம்பிலிருந்து பிரிந்துவிட்டால் மீதிக் குழம்பின் கலவை மாறிவிடும். ஒரே பசால்ட் குழம்பிலிருந்து சிலிகா மிகுந்த குழம்பு கொஞ்சம் கிடைப்பது இப்படித்தான். உலகின் கிரானைட் எல்லாம் இப்படி வந்ததல்ல. கணிசமான பகுதி மேலோட்டுப் பாறை உருகி வந்தது.

இந்த வரிசை படிவுப் பாறைக்கும் நேராக இட்டுச் செல்கிறது. 1938-ல் சாமுவேல் கோல்டிச், பாறைகள் சிதையும்போது எந்தக் கனிமம் முதலில் அழிகிறது என்று ஆராய்ந்தார். போவன் சொன்ன அதே வரிசை வந்து நின்றது. அதிக வெப்பத்தில் முதலில் பிறந்த ஒலிவின், பூமியின் மேற்பரப்பில் முதலில் அழிகிறது. கடைசியில் பிறந்த குவார்ட்ஸ் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. பிறந்த சூழலிலிருந்து எவ்வளவு விலகி வந்திருக்கிறதோ அவ்வளவு நிலையற்றது அந்தக் கனிமம். புவியியலில் எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு இது. குழம்பு உறையும் அறையில் எழுதப்பட்ட வரிசைதான், கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஒரு கடற்கரையில் எந்த மணல் மிஞ்சும் என்பதையும் முடிவுசெய்கிறது.

படிவுப் பாறையின் தொடக்கம் அந்தச் சிதைவுதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து லேசான அமிலமாகிறது. அது ஃபெல்ஸ்பாரைத் தாக்கிக் களிமண் கனிமமாக மாற்றுகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் கரைந்து ஆற்றோடு போய்விடுகின்றன. குவார்ட்ஸ் அசையாமல் மணலாக உதிர்கிறது. ஆக, ஒரு கிரானைட் மலை மூன்று பொருள்களாகப் பிரிகிறது: மணல், களிமண், கரைசல். மணற்கல், களிப்பாறை, வேதியியல் மற்றும் உயிரினப் படிவுகள் என்ற மூன்று பெரிய குடும்பங்களுக்கும் மூலப்பொருள் இவைதான். வகைப்பாடு யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட கோடு அல்ல. சிதைவு தானே பிரித்துவைத்தது.

அப்புறம் பயணம். ஓடும் நீரின் வேகம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் துகளைத் தூக்க முடியும். மலையடிவாரத்தில் கற்கள் நின்றுவிடும், ஆற்றுப்படுகையில் மணல் தங்கும், அமைதியான கடலடியிலும் ஏரியடியிலும் களிமண் படியும். நீண்ட தூரம் வந்த துகள்களின் கூர்முனைகள் மழுங்கிப்போகும், அளவு வாரியாகப் பிரிந்துமிருக்கும். காற்று கொண்டு வந்த பாலைவன மணல் இன்னும் சீராக, ஒரே அளவாக இருக்கும். பனியாறு மட்டும் எதையும் பிரிக்காது. வீடளவு பாறையும் மாவு போன்ற தூளும் ஒன்றாகவே இறங்கும்.

1922-ல் செஸ்டர் வென்ட்வொர்த் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் கூழாங்கல் வகை, 2 முதல் 0.0625 மில்லிமீட்டர் வரை மணல், 0.0625 முதல் 0.0039 வரை வண்டல், அதற்கும் கீழே களி. கூழாங்கற்கள் இறுகினால் திரள்பாறை; அந்தக் கற்கள் கூர்முனைகளோடே இருந்தால் பிரெக்சியா. மணல் இறுகினால் மணற்கல், வண்டலும் களியும் இறுகினால் வண்டற்கல், களிப்பாறை, ஏடு ஏடாகப் பிளக்கும் ஷேல். உலகின் படிவுப் பாறைகளில் பாதிக்கும் மேல் இந்த நுண்துகள் வகைதான். ஆனால் பாடங்களில் இவற்றுக்கு ஒரு பத்திகூடச் சரியாகக் கிடைப்பதில்லை.

துகள் படியும் வேகத்துக்கு ஓர் உதாரணம். 1929 நவம்பரில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் கடலடியில் நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு பல மணிநேரம், கடலடித் தந்தி வடங்கள் சரிவின் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் காரணம் புரிந்தது: சேறும் மணலும் கலந்த அடர்ந்த நீரோட்டம் சரிவில் பாய்ந்து சென்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஓட்டம் நிற்கும்போது கனமான துகள் முதலிலும் நுண்ணியவை கடைசியிலும் படிகின்றன. பழைய பாறைகளில் அடியில் கரடாகவும் மேலே போகப்போக நுண்மையாகவும் இருக்கும் அடுக்குகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருப்பதன் விளக்கம் இதுதான். ஒரு சாண் தடிமனுள்ள அடுக்கு ஒரே நாளில் படிந்திருக்கலாம். அதற்கு மேலே உள்ள ஒரு விரல் தடிமன் களி படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கலாம். தடிமனை வைத்துக் காலத்தைக் கணக்கிடக் கூடாது.

படிந்தது பாறையாவது தனிக் கதை. மேலே படிவு சேரச்சேர அடியில் உள்ளது நசுங்கி நீர் வெளியேறுகிறது. புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கும் மேல் நீர்தான். ஆழம் போகப்போக அது பெரும்பாலும் பிழியப்பட்டுவிடும். மணலில் வேறு மாதிரி நடக்கும்: துகள்களுக்கு இடையே ஊறும் நிலத்தடி நீர், கால்சைட் என்ற சுண்ணக் கனிமத்தையோ சிலிகாவையோ இரும்பு ஆக்சைடையோ இடுக்குகளில் படியவிட்டு, சுவரில் கல்லைச் சாந்து பிடிப்பதுபோலத் துகள்களைப் பிணைக்கிறது. சிவப்பு மணற்கல்லின் சிவப்பு, துகளைச் சுற்றியுள்ள மெல்லிய இரும்புப் பூச்சு. பிணைப்பு முழுதாக இடுக்கை அடைக்காததால்தான் பல மணற்கற்கள் நீரையும் எண்ணெயையும் தமக்குள் வைத்துக்கொள்கின்றன.

மணற்கல்லின் உள்வகைகளைத் துகள் அளவால் பிரிப்பதில்லை. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பாறைத் துண்டுகள் மூன்றில் எது எவ்வளவு என்று பார்ப்பார்கள். கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ் என்றால், நீண்ட காலம் சிதைந்து, அலைந்து, பலமுறை அடித்துத் துவைக்கப்பட்ட மணல். ஃபெல்ஸ்பார் கால் பங்குக்கு மேல் இருந்தால் ஆர்கோஸ். மூலமான கிரானைட் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும், அல்லது வறண்ட, குளிர்ந்த காலநிலையில் ஃபெல்ஸ்பார் சிதைய நேரமில்லாமல் புதைந்திருக்க வேண்டும்.

கரைசலாகப் போனது இரண்டு வழிகளில் திரும்ப வருகிறது. ஒன்று ஆவியாதல். கடல்நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட், அப்புறம் ஜிப்சம், அப்புறம் பாறை உப்பு, கடைசியில் பொட்டாசிய உப்புகள் என்ற வரிசையில் படியும். மத்தியதரைக் கடல் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருங்கடலோடு தொடர்பு குறைந்து பெருமளவு உப்பைப் படியவிட்டது. அந்த அடுக்குகள் இன்றும் கடலடியில் கிடக்கின்றன. இன்னொரு வழி உயிர்கள். சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் எல்லாம் கரைந்த கால்சியத்தை எடுத்து ஓடு கட்டுகின்றன. இங்கிலாந்தின் டோவர் வெண்ணிறக் கடற்குன்று, நுண்பாசிகளின் தகடுகள் குவிந்த சீமைச்சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி இப்படி உயிர்களால் வந்ததே. தாவரப் பொருள் புதைந்தால் நிலக்கரி.

சுண்ணாம்புக்கல்லுக்கென்று தனி வகைப்பாடே உண்டு. ராபர்ட் டன்ஹாம் 1962-ல் தந்தது அதில் மிகவும் பயனுள்ளது. அவர் கேட்டது, துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா, அல்லது சுண்ணச் சேற்றில் மிதக்கின்றனவா என்பது. சேறு மிஞ்சியிருந்தால் அமைதியான நீர். சேறே இல்லாமல் துகள் மட்டும் இருந்தால் அலை அடித்துக் கழுவிய இடம். பாறையின் பெயரைச் சொன்னாலே அன்றைய கடலின் நிலை தெரிந்துவிடும்.

இப்போது மூலக் கேள்விக்கு வரலாம். இரண்டு வகையிலும் "அளவு" என்று ஒன்றை அளக்கிறோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காப்ரோவில் 5 மில்லிமீட்டர் படிகம் என்றால் அது மெதுவாகக் குளிர்ந்தது. திரள்பாறையில் 5 மில்லிமீட்டர் துகள் என்றால் அதைத் தூக்கிவரும் அளவுக்கு நீர் வேகமாக ஓடியது. ஒன்று பொறுமையைக் காட்டுகிறது, மற்றொன்று வேகத்தை. கலவைக்கும் இதே நிலைதான். தீப்பாறையில் சிலிகா கூடினால் குழம்பின் பரிணாமம். மணற்கல்லில் சிலிகா 95 சதவீதம் என்றால் மற்றதெல்லாம் அழிந்துபோனது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் மணற்கல் ஒரு மீ-அமிலப் பாறையாகத் தெரியும், அதனால் எந்தப் பயனும் இல்லை.

இந்தத் தெளிவு சும்மா வரவில்லை. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் ஆபிரகாம் வெர்னர், கிரானைட்டும் பசால்ட்டும்கூட ஆதிக்கடலிலிருந்து படிந்தவை என்று கற்பித்தார். பிரான்சின் ஓவர்ன் பகுதியில் பசால்ட் தூண்களைப் பார்த்த நிக்கோலா தெமாரே, அவை பழைய எரிமலை வாயிலிருந்து ஓடிவந்தவை என்பதை 1763-லேயே கண்டிருந்தார். எடின்பரோவின் ஜேம்ஸ் ஹட்டன் 1785-ல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், சிவப்புக் கிரானைட் நரம்புகள் சுற்றியுள்ள கருமையான பாறைக்குள் கிளை விட்டு ஊடுருவியிருப்பதைக் கண்டார். ஊடுருவியது என்றால் உருகியிருந்தது. உருகியிருந்தது என்றால் நீரில் படிந்ததல்ல, சுற்றியுள்ள பாறையைவிட இளையது. அவர் நண்பர் ஜேம்ஸ் ஹால், ஹட்டன் மறைந்த பிறகு, பசால்ட்டை உலையில் உருக்கிப் பார்த்தார். வேகமாகக் குளிர்த்தியபோது கண்ணாடி கிடைத்தது, மெதுவாகக் குளிர்த்தியபோது மீண்டும் கல் கிடைத்தது. குளிரும் வேகம்தான் படிக அளவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நேரடிச் சோதனை அது.

காலத்தை அறிவதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. தீப்பாறையில் சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. அதை அளந்தால் பாறை உறைந்த காலம் கிடைக்கும். படிவுப் பாறையில் அதே படிகத்தை அளந்தால் கிடைப்பது துகளின் வயது மட்டுமே, பாறையின் வயது அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய திரள்பாறைக்குள் 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் துகள்கள் கிடைத்தன. அவற்றைப் பெற்ற தீப்பாறை எங்குமே இன்று இல்லை. படிவுப் பாறைதான் அவற்றைப் பாதுகாத்து வைத்தது. படிவு அடுக்குகளுக்கு ஆண்டுக்கணக்கு வேண்டுமானால், நடுவே விழுந்த எரிமலைச் சாம்பல் அடுக்கைத் தேடி அளக்கிறார்கள். புதைபடிவங்கள் முன்பின் வரிசையைத் தருகின்றன, சாம்பல் ஆண்டைத் தருகிறது.

அந்தச் சாம்பல் அடுக்கு எந்த வகை? பொருளால் அது தீப்பாறை; காற்றில் பறந்து, விழுந்து, அடுக்காகப் படிந்த விதத்தால் படிவு. அதனால் எரிமலைத் துகள்களுக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: 2 மில்லிமீட்டருக்குக் கீழே சாம்பல், 64 வரை லாபில்லி, அதற்கு மேல் எரிமலைக் குண்டு. சாம்பல் இறுகினால் டஃப். எதிர்ப்பக்கமும் குழப்பம் உண்டு. பாறை உப்பைப் பார்த்தால் படிகங்கள் கோத்துக்கொண்டு தீப்பாறை போலவே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் போன்ற பெரிய ஆழ்நிலைத் திரள்களில் படிகங்கள் அடுக்கடுக்காக, படிவுப் பாறை போலவே கிடக்கும். ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

கையில் ஒரு கல் இருந்தால் நான் இந்த வரிசையில் பார்ப்பேன். படிகங்கள் கோத்திருக்கின்றனவா, அல்லது துகள்களும் இடையே பிணைப்பும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? விரலால் தேய்த்தால் மணல் உதிர்கிறதா? ஒரு சொட்டு நீர் விட்டால் உறிஞ்சுகிறதா? நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கிறதா? நுரைத்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். சிப்பி, தாவரத் தடம், அலைக்கோடு ஏதாவது தெரிந்தால் கேள்வியே இல்லை. களத்தில் என்றால் தொடும் எல்லைகளைப் பார்க்க வேண்டும். லாவா ஓடிப் படர்ந்திருந்தால் அடியில் உள்ள படிவு மட்டும் வெந்து நிறம் மாறியிருக்கும். அடுக்குகளுக்கு நடுவே குழம்பு ஊடுருவியிருந்தால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் வெந்திருக்கும்.

பழகியவர்களையும் நிறுத்தி யோசிக்கவைப்பது கிரானைட்டும் ஆர்கோஸும்தான். இரண்டிலும் அதே ஃபெல்ஸ்பார், அதே குவார்ட்ஸ், அதே நிறம். கிரானைட் அப்படியே நின்ற இடத்தில் உதிர்ந்து, கொஞ்ச தூரமே நகர்ந்து மீண்டும் இறுகினால் வெறும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அப்போது குவார்ட்ஸைத் தேடுங்கள். கிரானைட்டில் அது இடுக்குகளை நிரப்பி, ஒழுங்கற்ற விளிம்போடு இருக்கும். ஆர்கோஸில் அது தனித் துகளாக, முனைகள் சற்றாவது மழுங்கி, சுற்றிலும் களியோ இரும்புக் கறையோ ஒட்டிக்கொண்டு நிற்கும். மைக்கா இருந்தால் அதன் ஏடுகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்றும் பாருங்கள்: கிரானைட்டில் அவை பெரும்பாலும் எல்லாத் திசையிலும் நிற்கும், ஆர்கோஸில் பெரும்பாலானவை அடுக்குக்கு இணையாகத் தட்டையாகப் படுத்திருக்கும்.